முந்தின எடை

இரண்டு சீட்டுகள். பஸ் டிக்கெட்டைவிடக் கொஞ்சம் அகலம், வழவழப்பான தாள். ஒரு வெள்ளைத் தாளில் அவற்றைப் பக்கம் பக்கமாக ஒட்டி, சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார்கள். முதல் சீட்டில் இருந்த எடையும் இரண்டாவது சீட்டில் இருந்த எடையும் கடைசி மில்லிகிராம் வரை ஒன்றே. நேரம் மட்டும் வேறு, அதுவும் சில விநாடிகள். ஜீடிமெட்லாவில் ஒரு மாத்திரைத் தொழிற்சாலையின் மீட்டிங் அறையில் அந்தத் தாளை என் முன்னால் நகர்த்திவைத்து, தரப் பிரிவு மேலாளர் தெலுங்கில் கேட்டார்: "மேடம், மெஷின் அபத்தம் செப்துந்தா?" மெஷின் பொய் சொல்லுமா என்று அர்த்தம். மேஜைக்கு அந்தப் பக்கம் அக்கா உட்கார்ந்திருந்தார். நான் அவரைப் பார்க்காமல், "சொல்லாது சார்" என்றேன். அந்த எடை மெஷினுக்குள் ஓடிய மென்பொருளை எழுதியவள் நான். என் பேச்சுக்கு அந்த அறையில் மறுபேச்சு கிடையாது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை, ஷேர் ஆட்டோவில் கிடைத்த அக்கா. நான் கோவில்பட்டியிலிருந்து வேலைக்கென்று ஹைதராபாத் வந்து, லோத்குண்டாவில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கியிருந்த முதல் வருஷம். ஜீடிமெட்லா போகும் ஆட்டோவில் ஒருநாள் காலை அம்மாவோடு போனில் சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். போனை வைத்ததும் பக்கத்தில் இருந்தவர், "பாவம்மா உங்க அம்மா. ஒழுங்கா சாப்பிடுன்னு சொன்னது ஒரு குத்தமா?" என்றார். ஊர் பேர் தெரியாத நகரத்தில் என் சண்டை ஒருவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது. மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம் அவருடையது. கணவர் திருமுல்கேரியில் ராணுவப் பணிமனை ஒன்றில் குமாஸ்தா. அக்காவின் தமிழில் ஹைதராபாத் உருதுவின் 'ஹவ்', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' எல்லாம் சொந்த வீட்டுப் பிள்ளைகள் மாதிரி வந்து போகும். நான் 'வாரீக, போறீக' என்று பேசுவதைக் கேட்டு அவர் சிரிப்பார், அவர் ஆமாம் என்பதற்கு "ஹவ்மா, ஹவ்மா" என்று தலையாட்டுவதைப் பார்த்து நான் சிரிப்பேன். அவர் தொழிற்சாலையில் இருந்த எடை மெஷின்கள் எங்கள் கம்பெனி செய்தவை என்று தெரிந்தபோது அவர் சொன்னது, "அட, அந்தச் சனியன் உங்களுதா?"

அவருடைய வேலை அந்தச் சனியனோடுதான். நான்கு இயந்திரங்கள் மருந்துத் தூளை அழுத்தி மாத்திரைகளாக அடித்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். அரை மணிக்கு ஒரு முறை ஒவ்வொன்றிலிருந்தும் இருபது மாத்திரைகளைத் தனித்தனித் தட்டில் எடுத்துவந்து நிறுக்க வேண்டும். தட்டை வைத்ததும் எடை நிலைக்கு வந்து, தானாகவே ஒரு சீட்டு அச்சாகி வெளியே வரும். அதில் கையெழுத்துப் போட்டுப் பதிவேட்டில் ஒட்ட வேண்டும். மருந்துத் தொழிற்சாலையில் அந்தப் பதிவேடு வேதப் புத்தகத்துக்குச் சமம். பேனாவால் அடித்துத் திருத்தினால்கூட, ஏன் திருத்தினேன் என்று பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அக்கா பதினெட்டு வருஷமாக அந்த வேலையைச் செய்தவர். அவருடைய வேகத்தை நான் ஒரே ஒரு முறை கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். ஒரு தட்டின் சீட்டு வெளியே வந்து முடிவதற்குள் அடுத்த தட்டு மேலே ஏறியிருக்கும். மற்றவர்கள் பாதிச் சுற்று முடிக்கும் நேரத்தில் அவர் முழுச் சுற்றையும் முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவார். அந்த வேகத்தில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

புது மெஷின்கள் வந்து சில வாரங்கள் ஆகியிருக்கும். ஆட்டோவில் அவர் சொன்னார்: "ஏம்மா, உங்க மெஷின் சில சமயம் முந்தின எடையவே காட்டுது. ரெண்டாவது தட்டு வச்சா மொதல் தட்டு நம்பர் வருது."

நான் சிரித்தேன். "அப்படிலாம் காட்டாதுக்கா. நீங்க அவசரத்துல அதே தட்டத் திரும்ப வச்சிருப்பீக."

"கைக்கும்மா, எதுக்கு சிரிக்கறே? நான் பாத்தேன்."

"மெஷினுக்கு மறதி வேணா வரும்க்கா, பழசை ஞாபகம் வச்சிக்கிட்டுப் பேச அது என்ன மாமியாரா?" என்றேன். ஆட்டோவில் இருந்த இன்னொரு தமிழ்ப் பெண்ணும் சிரித்தாள். அக்காவும் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நான் படித்தவள், மெஷினைச் செய்தவள். அவர் தன் கண்ணைச் சந்தேகப்பட்டாரே தவிர என்னைச் சந்தேகப்படவில்லை.

அந்தப் புது மெஷினில் நான் செய்திருந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். புரோகிராம் என்பது சின்னச் சின்னப் பகுதிகள் ஒன்றையொன்று கூப்பிட்டு வேலை வாங்குவதுதான். கூப்பிடும்போது ஏதாவது ஓர் எண்ணைக் கொடுத்தனுப்ப வேண்டியிருக்கும். அதை வைப்பதற்கென்று செயலிக்குள் ரெஜிஸ்டர் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில இடங்கள் உண்டு. முழு எண்களுக்கு ஒரு வரிசை, தசம எண்களுக்கு, அதற்கு வசதியுள்ள சிப்பாக இருந்தால், தனியாக இன்னொரு வரிசை. எந்த எண்ணை எங்கே வைக்க வேண்டும், எங்கிருந்து எடுக்க வேண்டும் என்பதற்கு ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. நாங்கள் எழுதுவதைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர் அந்த ஒப்பந்தத்தைப் பிசகாமல் பார்த்துக்கொள்ளும். வைக்கிற பகுதியும் எடுக்கிற பகுதியும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை, ஒப்பந்தத்தை நம்பித்தான் எல்லாம் நடக்கிறது. விடுதியில் என் அறைத் தோழியும் நானும் ஒரே சாவியை வைத்துக்கொண்டு அல்லாடியது மாதிரிதான். நான் மீட்டர் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போவேன், அவள் செருப்பு ஸ்டாண்டில் தேடுவாள். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. செருப்பு ஸ்டாண்டில் சாவி இல்லையென்றால் கை வெறுமையாகத் திரும்பும். ரெஜிஸ்டர் ஒருநாளும் காலியாக இருக்காது. முன்பு யாரோ விட்டுப்போன ஏதோ ஓர் எண் அதில் இருந்தே தீரும். தேடி வருகிறவன் அதையே சரியானது என்று எடுத்துக்கொண்டு போவான்.

பழைய மெஷினின் சிப்பில் தசம எண்களுக்குத் தனி வரிசை கிடையாது. புதியதில் உண்டு. அதைப் பயன்படுத்தினால் கணக்கு வேகமாக நடக்கும் என்று நான் கம்பைலரில் அந்த வசதியைப் போட்டுவிட்டேன். ஆனால் எடை ஆடி அடங்குவதைக் கவனித்து 'இதுதான் எடை' என்று முடிவு சொல்லும் பகுதி, வேலையை விட்டுப் போன ஒருவர் எழுதியது. அவர் கையால் எழுதிய மூல வடிவம் எங்களிடம் இல்லை, பழைய முறைப்படி மாற்றி முடித்த வடிவம்தான் இருந்தது. இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கும்போது திரையில் ஒரு வரி வந்தது: ஒருவர் தசம எண்ணைப் புது வரிசையில் வைக்கிறார், மற்றவர் வைக்கவில்லை, இவர்களைச் சேர்க்க மாட்டேன். இவ்வளவு தெளிவாக என் அப்பாகூட என்னை எச்சரித்ததில்லை. மெஷின்களை அனுப்ப வேண்டிய நாள் நெருங்கியிருந்தது. இப்படிப்பட்ட புகார்களை வாயை மூடச் சொல்ல ஒரு கட்டளை இருக்கிறது. அதை ஒரு வரி சேர்த்தேன், புகார் நின்றது, மெஷினும் ஓடியது. எடை போட்டுப் பார்த்தேன், சரியாகக் காட்டியது. எனக்கு அது போதுமாக இருந்தது.

வெளியிலிருந்து தணிக்கைக்கு வந்தவர்கள் பதிவேட்டைப் புரட்டியபோதுதான் அந்த ஜோடிச் சீட்டுகள் கண்ணில் பட்டன. ஒரு ஜோடி இல்லை, ஏழெட்டு ஜோடிகள். எல்லாம் அக்காவின் கையெழுத்து போட்டவை. நடந்து போய் இன்னொரு இயந்திரத்திலிருந்து மாத்திரை எடுக்கச் சோம்பல்பட்டு, ஒரே தட்டைத் தூக்கித் தூக்கி வைத்துச் சீட்டு எடுக்கிறவர்கள் அந்தத் தொழிலில் உண்டு. அப்படிச் செய்வது திருட்டைவிட மோசமாகக் கருதப்படும். யாரோ சாப்பிடப் போகிற மருந்து அல்லவா. அக்கா, "நான் செய்யல, மெஷின் அப்படிக் காட்டுச்சு" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்கள். படிக்கல் பெட்டியோடு போனேன். ஒரு படிக்கல்லை வைத்து, எடை நிலைத்து, சீட்டு முழுவதும் வெளியே வரும்வரை காத்திருந்து, எடுத்து, அடுத்ததை வைத்தேன். விதிமுறை அப்படித்தான் சொல்கிறது. ஒரு மணி நேரம் சோதித்தேன், ஒரு முறைகூடத் தப்பவில்லை. 'கருவியில் குறை எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வெளியே வரும்போது அக்கா தண்ணீர்க் குழாய் அருகே நின்றிருந்தார். "நீ என்னம்மா பண்ணுவே, இருக்கறதத்தானே எழுத முடியும்" என்றார்.

மூன்றாம் நாள் மதியம், என் மேஜையில் அதே மாதிரி மெஷின் ஒன்றை அனுப்புவதற்கு முன் சோதித்துக்கொண்டிருந்தேன். பசி. சீட்டு கரகரவென்று வந்துகொண்டிருக்கும்போதே அடுத்த படிக்கல்லைத் தூக்கி வைத்துவிட்டேன். திரையில் முந்தின எடை. எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன், சரியாக வந்தது. சீட்டு வரும்போது வைத்தேன், முந்தின எடை. பசி போய்விட்டது. செயலிக்குள் எட்டிப் பார்க்கும் கருவியை மாட்டிப் பார்த்தேன். பழைய பகுதி சரியான எடையைக் கொண்டுவந்து தனக்குத் தெரிந்த முழு எண் வரிசையில் வைத்திருந்தது. என் பகுதி தசம வரிசையில் தேடியது. சாதாரணமாக அங்கே என் பகுதி அப்போதுதான் கணக்கிட்ட எடை கிடக்கும், அதுவும் சரியான எடைதான், அதனால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. சீட்டு அச்சாகிக்கொண்டிருந்தால் மட்டும், அச்சடிக்கும் வேலைக்காக முந்தின எடை அதே இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். ஆகவே, சீட்டு முடியும்வரை காத்திருக்கும் மந்தமான கைகளுக்கு மெஷின் எப்போதும் உண்மை சொன்னது. அக்காவின் கைக்குத்தான் பொய் சொன்னது. வேலையை நன்றாகச் செய்தவர் அவர் ஒருவர் என்பதால் மாட்டிக்கொண்டவரும் அவர் ஒருவரே.

அன்று சாயங்காலம் ஆட்டோவில் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தார். "ராஜினாமா எழுதிக் குடுத்தா விஷயத்த இதோட விட்டுடறாங்களாம். இல்லாட்டி விசாரணை வச்சு, பேர எழுதி மேல அனுப்புவாங்களாம். நான் செய்யலியேம்மா, எதுக்கு எழுதணும்?" என்றார். பிறகு என் கையைப் பிடித்து, "நீ படிச்சவ, சொல்லு. எழுதவா, நக்கோவா?"

அப்போது எனக்கு விஷயம் தெரிந்து நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. என் கைப்பையில் நகரத்தின் இன்னொரு கோடியில் இருந்த பெரிய கம்பெனி ஒன்றின் வேலை உத்தரவு இருந்தது. பழைய கம்பெனி நல்லபடியாக விடுவித்தோம் என்று கடிதம் கொடுத்தால்தான் அங்கே சேர முடியும். எச்சரிக்கையின் வாயை மூடியது நான், பொய்ச் சான்று கொடுத்ததும் நான் என்று போய்ச் சொன்னால் கடிதம் கிடைக்குமா? இது ஒரு காரணம். இதைவிடச் சின்னதான, அசிங்கமான இன்னொரு காரணமும் இருந்தது. அந்த மீட்டிங் அறையில் அத்தனை பேர் முன்னால் 'சொல்லாது சார்' என்று அடித்துச் சொன்னவள், நான் தப்பு என்று போய் நிற்க வேண்டும். எனக்கு மனம் வரவில்லை. நான் அக்காவிடம் சொன்னேன்: "எழுதிக் குடுத்துருங்கக்கா. இழுத்துட்டே போனா உங்களுக்குத்தான் கஷ்டம்." என் குரலில் அக்கறை இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு கூசுகிறது.

மறுநாள் அவர் எழுதிக் கொடுத்தார். அந்த வாரமே நான் மெஷினைச் சரிசெய்தேன், புகாரை வாய் மூடச் செய்த அந்த ஒரு வரியை நீக்கினேன். மாற்றங்களின் பட்டியலில் 'அச்சு வேகம் மேம்படுத்தப்பட்டது' என்று எழுதினேன். எங்கள் ஆட்கள் வழக்கமான பராமரிப்புக்குப் போகும்போது எல்லாத் தொழிற்சாலைகளிலும் புதியதை ஏற்றிவிட்டு வந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் கடிதம் வாங்கிக்கொண்டு, விடுதியைக் காலி செய்து, நகரத்தின் மறுகோடிக்குப் போனேன். அக்காவின் போன் இரண்டு முறை வந்தது, எடுக்கவில்லை.

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை என்று சொல்லலாம். நான் அதை ஒரு கதையாக்கினேன். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. தாங்கள் பிடித்த விசித்திரமான பிழைகளை, வேட்டைக்காரர்கள் புலியைப் பற்றிச் சொல்வது மாதிரி, கேன்டீனில் உட்கார்ந்து சொல்லிக்கொள்வோம். என்னிடம் இருந்த பிழை அருமையான பிழை. முந்தின எடையைச் சொல்லும் மெஷின், வேகமான கைக்கு மட்டும் அகப்படும் தவறு. எத்தனை முறை சொல்லியிருப்பேன், எத்தனை கைதட்டல் வாங்கியிருப்பேன் என்று கணக்கில்லை. கதையில் அக்கா கிடையாது. 'ஒரு ஆபரேட்டர்' என்று ஒரு சொல் மட்டும் இருக்கும். பிழையைக் கண்டுபிடித்த கெட்டிக்காரி நான், அதை உண்டாக்கியது 'யாரோ'. சில மாதங்களுக்கு முன் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு, தசம எண்கள் ரெஜிஸ்டர்களில் எப்படிக் கைமாறுகின்றன என்று வகுப்பு எடுத்தேன். ஒப்பந்தம் முறிந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்தக் கதையைச் சொன்னேன், எல்லாரும் சிரித்தார்கள். கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் மட்டும் கை தூக்கி, "அந்த ஆபரேட்டருக்கு என்ன ஆச்சு மேடம்?" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. "தெரியாது" என்றேன். அதுவும் பொய். அவருக்கு ஜீடிமெட்லாவில் வேறு எந்தத் தொழிற்சாலையிலும் வேலை கிடைக்கவில்லை என்று எனக்கு எப்போதோ தெரியும்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை லோத்குண்டாவில் அக்கா வீட்டுக்குப் போனேன். வீடு அதே வீடு. கதவைத் திறந்த அக்கா, "அடியே கோவில்பட்டி!" என்று கட்டிக்கொண்டார். கொஞ்சம் பருத்திருந்தார், கண்ணாடி போட்டிருந்தார். பக்கத்தில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பில் உட்காருவதாகச் சொன்னார். என் கணவர், மாமியார், வேலை எல்லாம் விசாரித்தார். நான் ஏன் போனை எடுக்கவில்லை என்று மட்டும் கேட்கவில்லை. எப்படித் தொடங்குவது என்று நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது, அவராகவே பழைய வேலையைப் பற்றிப் பேசினார்.

"அப்ப ரொம்ப நாள் தூக்கமே இல்லம்மா. நான் வைக்கலன்னு நெனப்பேன். அப்புறம், பதினெட்டு வருஷமா செய்யற கை, நம்மள அறியாம அதே தட்ட வச்சிருந்தா? மெஷின் சரின்னு நீயே எழுதிக் குடுத்தியே. நீ பொய்யா எழுதுவே? யோசிச்சு யோசிச்சு, நாந்தான் செஞ்சிருக்கேன்னு ஆயிடுச்சு. ஃபாதர்கிட்ட போயி பாவசங்கீர்த்தனம் பண்ணேன். யாரோ சாப்பிடற மாத்திரைல ஏமாத்திட்டேன் ஃபாதர்னு. அப்புறம்தான் தூக்கம் வந்துச்சு."

நான் சொன்னேன். சிப்பு, ரெஜிஸ்டர் எதுவும் சொல்லவில்லை. "நீங்க செய்யலக்கா. மெஷின் தப்பு. என் தப்பு. சீட்டு வரும்போது அடுத்த தட்ட வச்சா முந்தின எடையக் காட்டுற மாதிரி நாந்தான் செஞ்சு வச்சிருந்தேன். நீங்க வேகமா வைப்பீக, அதான் உங்களுக்கு மட்டும் வந்துச்சு."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. நான் அதை எதிர்பார்க்கவில்லை. "நான் பாத்தேன்னு சொன்னேன்ல! சொன்னேன்ல உன்கிட்ட!" என்று என் தோளில் அடித்தார். உள்ளே திரும்பி, "ஏங்க, கேட்டீங்களா, நான் செய்யலயாம்!" என்று கணவரைக் கூப்பிட்டார். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, அவருக்குக் கேட்டிருக்காது. அக்கா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். சிரித்துக்கொண்டே, வெறும் கதை கேட்கிற ஆர்வத்தோடுதான் கேட்டார்:

"உனக்கு எப்பம்மா தெரிஞ்சுது?"

அப்புறம் ரொம்ப நாள் கழித்து என்று சொல்லியிருக்கலாம். நாக்கின் நுனிவரை வந்தது. அவர் நம்பியிருப்பார், சந்தோஷமாக எனக்குச் சாப்பாடு போட்டு அனுப்பியிருப்பார்.

"ஆட்டோல வச்சு, எழுதவா வேண்டாமான்னு என்கிட்ட கேட்டீகளே. அன்னைக்கு மத்தியானம்."

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. அவர் எதையோ கணக்குப் பார்ப்பது போல ஜன்னல் பக்கம் பார்த்தார். "ஹவ்" என்றார், தனக்குத்தானே. "அப்ப நான் இன்னும் கையெழுத்துப் போடலியே."

நான் ஏதோ பேசினேன். அந்தத் தொழிற்சாலைக்கு இப்போதே எழுதுகிறேன், எல்லாவற்றையும் விவரமாக, என் பெயர் போட்டு எழுதுகிறேன் என்றெல்லாம் சொன்னேன். அவர் கேட்டாரா என்று தெரியவில்லை. "எழுது" என்று மட்டும் சொன்னார். பிறகு எழுந்து, கேட் பூட்டியிருக்கும் என்று சாவியை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். நான் தெருவில் இறங்கித் திரும்பிப் பார்த்தபோது, கேட்டைப் பூட்டிவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்.